ஓய்மாநாட்டின் பூவும் கரையும்

(திண்டிவனத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓவியம். அதிலும் இரண்டே இரண்டு பொருள்களைத் தீட்டுகிற ஓவியம். ஒன்று பூ. மற்றொன்று கடற்கரை. இந்த இரண்டையும் இந்த மண்ணில் யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள், பார்த்ததை எப்படி விட்டுச் சென்றார்கள் என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

பூவையும் கடலையும் பற்றித் திண்டிவனத்தில் வந்து பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். இது ரயில் சந்திப்பும் நெடுஞ்சாலைக் கூட்டுரோடும் மணிலாக்கொட்டை மூட்டைகளும் உள்ள ஊர்தானே, கடல் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். கிழக்கே போகிற பேருந்தில் ஏறி உட்காருங்கள். ஒரு மணி நேரத்தில் காற்றில் உப்பு வாசம் வரும். இருபுறமும் பாத்தி பாத்தியாக உப்பளம் விரியும். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். அதுதான் மரக்காணம். அதற்குத் தெற்கே கழுவெளி. நன்னீரும் உவர்நீரும் கலந்து, எடையந்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலைத் தொடுகிற பெரிய சதுப்பு நிலம். குளிர்காலம் வந்தால் பூநாரையும் கூழைக்கடாவும் அங்கே வந்து இறங்குகின்றன. 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு.

இப்படி ஒரு கரை நம்மிடம் இருக்கிறது. இந்தக் கரையை யார் தீட்டினார்கள்? இதன் பூக்களை யார் தீட்டினார்கள்? இதுதான் என் முதல் கேள்வி.

நண்பர்களே, இந்தக் கரையை முதலில் தீட்டியவர் கையில் தூரிகை இல்லை. அவர் ஒரு புலவர். பெயர் நத்தத்தனார். ஊர், இடைக்கழிநாட்டு நல்லூர். இடைக்கழிநாடு எங்கே இருக்கிறது? மரக்காணத்துக்கு நேர் வடக்கே, கழிக்கும் கடலுக்கும் நடுவே, ஒடுங்கி நீண்டு கிடக்கிறது. இன்றைக்கும் அதே பெயரில் அது ஒரு பேரூராட்சி. ஆக, இவர் கடலை ஏட்டில் படித்தவர் அல்லர். கடற்காற்றில் பிறந்து வளர்ந்தவர்.

அவர் பாடிய நூல் சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று. 269 அடிகள். ஓலைச்சுவடியில் கிடந்த பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889-இல் அச்சில் கொண்டுவந்தவர் உ.வே.சாமிநாதையர். பாட்டின் தலைவன் யார்? ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். ஓய்மாநாடு எது? நாம் அமர்ந்திருக்கும் இந்த நாடுதான். அவனுடைய ஊர் கிடங்கில். இதே திண்டிவனத்துக்குள் கிடங்கல் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதுதான்! பாட்டில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அடுத்து வரும் வேலூர் உப்புவேலூர்தான் என்பார் உண்டு. 1,500 ஆண்டுகளுக்கும் மேலாக நம் ஊர்ப் பெயர்கள் ஒரு பாட்டுக்குள் உயிரோடு இருக்கின்றன. இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

ஆனால் நான் பெருமை பேச வரவில்லை. அவர் எப்படிப் பார்த்தார் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

கடற்கரை வழியைத் தீட்டும்போது நத்தத்தனார் நான்கு செடிகளை எடுத்துக்கொள்கிறார். தாழை, செருந்தி, முண்டகம், புன்னை. தாழம்பூ அவருக்கு அன்னமாகத் தெரிகிறது. செருந்தி பொன்னாகத் தெரிகிறது. கழியில் முளைக்கும் முள்ளிச்செடியான முண்டகம் நீலமணியாகத் தெரிகிறது. புன்னை முத்தாகத் தெரிகிறது. வெள்ளை, மஞ்சள், நீலம், மறுபடியும் வெள்ளை. இவற்றின் பின்னால் வெண்மணல், அதற்கும் பின்னால் கடல். வண்ணங்களை அவர் அடுக்கியிருக்கும் வரிசையைக் கவனியுங்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைத்தால் கண்ணுக்கு நிறையும் என்று அறிந்த ஒருவரின் வேலை இது.

இவை வெறும் உவமைகள்தானே, புலவர்கள் எல்லாரும் சொல்வதுதானே என்று கேட்பீர்கள். மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள் என்பேன். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கரையின் பழைய பசுமைமாறாக் காட்டில் மிஞ்சிய துண்டு அது. அதுபோன்ற ஒரு காட்டிலோ, மீனவர் குப்பத்திலோ, கோயில் வாசலிலோ ஒரு புன்னை மரத்தைத் தேடிப் பிடியுங்கள். தாழ்ந்த கிளை ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். இலை தடித்திருக்கும், எண்ணெய் பூசியதுபோல் மினுக்கும். நடுநரம்பிலிருந்து விளிம்புவரை மெல்லிய நரம்புகள் நெருக்கமாக, ஒன்றோடொன்று இணையாக ஓடும். இலைக்கக்கத்தில் கொத்தாக மொட்டுகள் இருக்கும். மொட்டு எப்படி இருக்கும்? உருண்டையாக, வெள்ளையாக, லேசான மெழுகு மினுமினுப்போடு இருக்கும். முத்து என்று அவர் சொன்னது மலர்ந்த பூவைப் பார்த்தல்ல; மலராத மொட்டைப் பார்த்து! மலர்ந்துவிட்டால் வெள்ளை இதழ்களின் நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் குஞ்சம்போல் நிமிர்ந்துவிடும். அப்போது அது முத்து ஆகாது. மொட்டுக்கும் மலருக்கும் உள்ள இந்த வேறுபாடு, மரத்தடியில் நின்றவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொரு காட்சி. அலை ஒதுக்கிய அகில் கட்டைகள் கரையில் கிடக்கின்றன. அவை படுத்துறங்கும் ஒட்டகங்கள்போல் இருக்கின்றன என்கிறார். அந்தக் கட்டையை விறகாக்கி மூட்டிய தீயைச் சொல்கிறார். அங்கே நுளையர் என்னும் மீனவர் வீட்டுப் பெண் தேறல் வடித்துத் தருவதைச் சொல்கிறார். சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்கிறார். கரையென்றால் அவருக்கு நிலாவும் அலையும் மட்டுமல்ல. ஒதுங்கிய கட்டை, கரும்புகை, செந்தீ, மீன் வாசனை, உழைக்கும் பெண்ணின் கை எல்லாம் தெரிகின்றன. எந்தக் கரையில் மனிதர் இல்லையோ, அந்தக் கரை ஓவியமாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி, இந்தப் பாட்டில் என் நெஞ்சை அள்ளிய இடத்துக்கு வருகிறேன். நல்லியக்கோடனின் இன்னோர் ஊரான ஆமூருக்குப் போகிற வழி. மருத நிலம். ஒரு பொய்கை. கரையில் காஞ்சி மரம். அதன் கிளையில் ஒரு மீன்கொத்தி, ஆழ்ந்த நீரையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறது. பிறகு பாய்கிறது, மீனை எடுக்கிறது. பாய்ந்த வேகத்தில் அதன் நகம் ஒரு தாமரை இலையைக் கிழித்துவிடுகிறது. இலையில் வடு பதிகிறது. அந்த வடுப்பட்ட இலைக்குப் பக்கத்தில் ஒரு தாமரை மலர்ந்திருக்கிறது. அதில் வண்டு ஒன்று தேன் குடிக்கிறது. நிலவைப் பாம்பு தீண்டுவதுபோல் அது தோன்றுகிறது.

தாமரையைத் தீட்டாத ஓவியன் உண்டா? ஆயிரம் பேர் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் கிழிந்த தாமரை இலையை யார் தீட்டினார்கள்? இலையில் உள்ள வடுவைக் கண்டு, இந்த வடு எப்படி வந்தது என்று கேட்டு, மீன்கொத்தியின் நகம்வரை போன கண் எவ்வளவு பொறுமையான கண்! அந்தப் பறவை நீரைப் பார்த்துக் காத்திருந்தது. அந்தப் பறவையைப் பார்த்துப் புலவரும் காத்திருந்தார். இரண்டு காத்திருப்பும் சேர்ந்துதான் அந்தக் காட்சி.

நண்பர்களே, இன்றைய பேச்சில் நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி ஒன்றே ஒன்றுதான். ஓவியம் என்பது நெடுநேரம் பார்த்தல். கை பிறகு வருகிறது. வண்ணம் பிறகு வருகிறது. முதலில் வருவது, ஓர் இடத்தை விட்டு நகராமல் பார்க்கிற பார்வை.

அழகானவற்றை மட்டும் பார்ப்பவரா இந்த நத்தத்தனார்? இல்லை. அதே பாட்டில் ஒரு வறுமைப்பட்ட வீட்டின் அடுப்படி வருகிறது. கண் திறக்காத குட்டிகளை ஈன்ற நாய் அங்கே கிடக்கிறது. இற்றுப்போன சுவரில் காளான் பூத்திருக்கிறது. இசைக்குடும்பத்துப் பெண் ஒருத்தி, குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேக வைக்கிறாள். பிறர் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கிறாள். உப்பு விளையும் நாட்டுக்கு வழி சொல்கிற பாட்டில், உப்பில்லாமல் வெந்த கீரை! புன்னை மொட்டைப் பார்த்த அதே கண்தான் இதையும் பார்த்தது. பூவைப் பார்க்கத் தெரிந்தவனுக்குப் பசியைப் பார்க்கத் தெரியாமல் போனால், அந்தப் பார்வையில் ஏதோ குறை இருக்கிறது. நத்தத்தனாரிடம் அந்தக் குறை இல்லை.

சொல்லால் தீட்டியவரைப் பார்த்தோம். வண்ணத்தால் தீட்டியவர் இந்த மாவட்டத்தில் உண்டா? உண்டு!

செஞ்சி–விழுப்புரம் சாலைப் பக்கம் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் வெட்டி வைத்த குடைவரை அங்கே உள்ளது. அந்தப் பல்லவனுக்குச் சித்திரகாரப்புலி என்று ஒரு பட்டம் உண்டு. ஓவியர்களில் புலி! ஓர் அரசன், தூரிகையின் பெயரையும் பட்டமாகச் சூடிக்கொண்ட காலம் அது.

அவன் வழிவந்த இராசசிம்மன் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, விழுப்புரத்துக்கு வடமேற்கே பனமலைக் குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயில் எழுந்தது. கீழே ஏரி, மேலே கோயில். அங்கே ஒரு சிறு சன்னதியின் சுவரில், கல்லின் மேல் பூசிய சுண்ணாம்புச் சாந்தில், ஓர் ஓவியம் மிச்சம் இருக்கிறது. தலையில் உயர்ந்த மகுடம். மேலே குடை. ஒரு காலை மடித்து, சாய்ந்து, தலையைச் சற்றே சாய்த்து நிற்கிறாள் உமையம்மை. அவள் என்ன செய்கிறாள்? பார்க்கிறாள்! சிவபெருமான் ஆடுகிறார், அந்த ஆட்டத்தை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு இது பெரிய வியப்பு. ஆடுகிற இறைவனின் உருவம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. பார்க்கிற அம்மையின் உருவம் நின்றுவிட்டது. 1,200 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சுவரில் நிலைத்திருப்பது ஒரு பார்வை. காவிக் கோடு ஒன்று தோளிலிருந்து இடைக்கு இறங்குகிறது; அதில் நடுக்கமே இல்லை. அந்தக் கோட்டை இழுத்த கை யாருடையது? பெயர் இல்லை. கட்டிய அரசன் பெயர் கல்லில் இருக்கிறது. தீட்டியவன் பெயர் எங்கும் இல்லை.

பெயர் இல்லாமல் போனது அந்தக் காலத்தோடு முடிந்ததா? இல்லை. அடுத்து நான் சொல்லப் போகும் இருவரின் பெயரை இந்த அரங்கில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? ரங்கய்யா. கோவிந்து. இருவரும் தென்னாட்டுப் பூ ஓவியர்கள். பூவைத் தீட்டுவதையே தொழிலாகச் செய்தவர்கள்.

ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் 1819-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். மருத்துவம் அவர் தொழில். செடிகொடிகள் அவர் காதல். தென்னிந்தியத் தாவரங்களை எல்லாம் படத்தோடு அச்சிட வேண்டும் என்று முனைந்தார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக ஒரு நூல் வெளிவந்தது. அதில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள். அந்த வேலையின் முதுகெலும்பாக இருந்த கைகள் முதலில் ரங்கய்யாவின் கை, அவருக்குப் பின் கோவிந்துவின் கை.

அது எப்படிப்பட்ட வேலை என்று எண்ணிப் பாருங்கள். காட்டிலிருந்து ஒரு கிளை வருகிறது. நம் ஊர் வெயிலில் பறித்த பூ எவ்வளவு நேரம் தாங்கும்? இதழ் சுருங்குவதற்குள் வடிவத்தைப் பிடிக்க வேண்டும். நிறம் மங்குவதற்குள் நிறத்தைப் பிடிக்க வேண்டும். இலை மேற்புறம் ஒரு பச்சை, அடிப்புறம் வேறு பச்சை. இரண்டையும் காட்ட ஓர் இலையை மடக்கி வரைய வேண்டும். பிறகு பூவைக் கீறிப் பிரிக்க வேண்டும். சூலகம் தனி, மகரந்தத் தாள் தனி, விதை தனி. கண்ணுக்குத் தெரியாததை உருப்பெருக்கியின் கீழ் பார்த்து, பெரிதாக்கித் தாளின் அடியில் வரைய வேண்டும். ஒரு மகரந்தத் தாள் கூடிவிட்டால் அது வேறு செடி. ஒரு நரம்பு தவறிவிட்டால் படம் பொய். அழகும் வேண்டும், உண்மையும் வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் வேலை வீண்.

அந்த நூலில் புன்னை இருக்கிறது. கழியோரத்து முள்ளியும் இருக்கிறது. நத்தத்தனார் முத்தாகவும் நீலமணியாகவும் கண்ட அதே செடிகள்! புலவரின் பாட்டிலிருந்து தாவர நூலின் தாளுக்கு ஒரே கரையின் பூக்கள் நடந்துபோயிருக்கின்றன. இடையில் நூற்றாண்டுகள் பல. பார்த்தவர்கள் வேறு, மொழி வேறு, நோக்கம் வேறு. ஆனால் பார்வையின் ஒழுக்கம் ஒன்று. நெடுநேரம் பார், பார்த்ததை மட்டும் சொல்.

கோவிந்துவின் திறமைக்கு வைட் ஒரு மரியாதை செய்தார். 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயியா என்று பெயர் சூட்டினார். பின்னால் வந்த தாவரவியலார் அதை வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை. ஆயினும், ஒரு வெள்ளைக்கார அறிஞர் தன் இந்திய ஓவியரின் பெயரைத் தாவரவியலில் எழுதி வைத்தார் என்பது அந்தக் காலத்தில் எளிய செய்தி அல்ல. படங்களில் சிலவற்றின் அடியில் ரங்கய்யாவின் பெயரும் அச்சாகி இருக்கிறது. அவர்களுடைய மூல ஓவியங்கள் எடின்பரோவிலும் லண்டனிலும் காக்கப்படுகின்றன. 2019-இல் லண்டனில் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில், கம்பெனிக் காலத்து இந்திய ஓவியர்களுக்கென்று நடந்த பெரிய கண்காட்சியில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது. லண்டன் மக்கள் அவர்கள் பெயரைப் படித்தார்கள். நம் பள்ளிக்கூடச் சுவரில் அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா? இருக்க வேண்டாமா?

உலகத்தில் வேறெங்காவது இப்படிப் பூவிலும் கரையிலும் மனம் தோய்ந்தவர் உண்டா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பிரான்சு நாட்டு மோனே இருக்கிறார். நார்மண்டிக் கடற்கரையின் பாறைகளை வெயிலிலும் காற்றிலும் நின்று தீட்டியவர். 1883-இல் ழிவெர்னி என்ற சிற்றூரில் குடியேறினார். தோட்டம் போட்டார். குளம் வெட்டினார். அல்லி வளர்த்தார். 1926-இல் சாகும்வரை அதே ஊர். அந்த ஒரே குளத்து அல்லிகளை ஏறத்தாழ 250 ஓவியங்களாகத் தீட்டினார். கண்ணில் புரை விழுந்து நிறங்கள் மங்கியபோதும் நிறுத்தவில்லை. 1923-இல் அறுவை செய்துகொண்டு மீண்டும் தீட்டினார். ஒரு குளம் போதும் அவருக்கு! நமக்குக் குளமா பஞ்சம்? ஊருக்கு ஊர் ஏரி வைத்துக்கொண்டு, பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லலாமா?

இப்போது ஒரு கேள்வியை நேராக எதிர்கொள்ள விரும்புகிறேன். இன்று கைக்குக் கை கேமரா இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் பூவும் விழுகிறது, கடலும் விழுகிறது. பிறகு எதற்கு ஓவியம்?

நல்ல கேள்வி. கேமராவை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ரங்கய்யாவின் தாளை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். அவரைப் போன்றவர்கள் வரைந்த ஒரே தாளில் மொட்டு இருக்கும், மலர் இருக்கும், காய் இருக்கும், விதை இருக்கும். எந்த நொடியிலும் ஒரு கிளையில் இவை எல்லாம் இப்படி ஒழுங்காக ஒருசேர நிற்பதில்லை. மொட்டுக்கு ஒரு நாள் காத்திருந்து, காய்க்கு ஒரு மாதம் காத்திருந்து, அத்தனை நாள்களையும் ஒரு தாளுக்குள் சேர்த்து வைக்கிறான் ஓவியன். கேமரா ஒரு நொடியைப் பிடிக்கிறது; ஓவியன் ஒரு பருவத்தைப் பிடிக்கிறான். நத்தத்தனாரின் தாமரை இலையும் அப்படித்தான். இலை இப்போது இருக்கிறது. வடு, நடந்து முடிந்த ஒன்றைச் சொல்கிறது. பனமலை அம்மையும் அப்படித்தான். அவள் முகத்தில் ஆட்டத்தின் முழு நேரமும் தங்கியிருக்கிறது. காலத்தைக் கூட்டிச் சேர்த்துத் தருவது ஓவியத்தின் வேலை. அந்த வேலைக்கு மாற்று இன்னும் வரவில்லை.

இந்தக் கரைக்கு அந்த வேலை இப்போது மிகமிகத் தேவைப்படுகிறது. ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கரை மாறிக்கொண்டிருக்கிறது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இந்தக் குப்பங்களுக்குள் புகுந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மரக்காணத்தையும் திண்டிவனத்தையும் மயிலத்தையும் வெள்ளக்காடாக்கியது. இடையிடையே கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகிறது. தோப்புகள் மனைகளாகின்றன. கழியோரத்தில் சீமைக் கருவேலம் ஏறுகிறது. எது போயிற்று, எது மிஞ்சியது என்று யாருக்குத் தெரியும்? நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். எந்த ஊரில் எந்தப் பூ எப்போது பூத்தது என்று வரைந்து வைத்தவன் இருந்தால், அவன் நோட்டு நாளை சாட்சியாக நிற்கும். இழந்தது இன்னது என்று அறிந்தால்தான் மீட்கவும் முடியும்.

மாணவச் செல்வங்களே, இனி உங்களிடம் வருகிறேன். ஓவியம் வரை என்றால் நம்மில் பலர் என்ன வரைகிறோம்? இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைச் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, வானத்தில் நான்கு காக்கை. திண்டிவனத்துப் பிள்ளையும் அதையே வரைகிறான். திருநெல்வேலிப் பிள்ளையும் அதையே வரைகிறான். அந்த மலை எந்த ஊர் மலை? செஞ்சிக் குன்றுகள் அப்படியா இருக்கின்றன? பாறை மேல் பாறை உருண்டு நிற்கும் அந்த மலைகளை இவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு, நாம் ஏன் முக்கோணம் வரைகிறோம்? பார்க்காமல் வரைவதால். மனப்பாடத்திலிருந்து வரைவதால்.

அதை மாற்றுவோம். ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு செடி. வீட்டு வாசலில் உள்ள நித்தியகல்யாணியோ, வேலியோரத்து ஆவாரையோ, பள்ளி மைதானத்துப் பூவரசோ, எதுவானாலும் சரி. அதன் மொட்டை வரையுங்கள், நாள் எழுதுங்கள். பூவை வரையுங்கள், நாள் எழுதுங்கள். காயை வரையுங்கள்; நாள் எழுதுங்கள். பூவரசம்பூ காலையில் மஞ்சள், வாடும்போது சிவந்துபோகிறது. ஒரே பூவுக்கு எத்தனை நிறம் என்று உங்கள் கண்ணே உங்களுக்குச் சொல்லட்டும். பூச்சி அரித்த இலை இருந்தால் அதை ஒதுக்காதீர்கள். அதையும் வரையுங்கள். அரித்தது எந்தப் பூச்சி என்று தேடுங்கள். நத்தத்தனார் தேடினாரே, அதுபோல்.

கரைக்குப் போனால் கடலை மட்டும் வரைந்துவிட்டுத் திரும்பாதீர்கள். உப்பளத்தில் கால் வெடிக்க நிற்கும் அம்மாவை வரையுங்கள். அவர் கையில் உள்ள பலகை எப்படி இருக்கிறது, உப்பை எப்படி வாரிக் குவிக்கிறார், வரப்பு எப்படிச் செல்கிறது என்று பார்த்து வரையுங்கள். அவரிடம் அனுமதி கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பேசிப் பேசி வரையுங்கள். வரைந்ததை முதலில் அவரிடமே காட்டுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுத்துவிடாதீர்கள். பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அறிவியல் எளிதாக வரும். தமிழும் எளிதாக வரும். சிறுபாணாற்றுப்படையைப் பாடம் நடத்தும்போது தமிழாசிரியரும் ஓவிய ஆசிரியரும் சேர்ந்து பிள்ளைகளை ஒருமுறை மரக்காணத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தாழையையும் புன்னையையும் காட்டி அங்கேயே பாட்டைச் சொல்லுங்கள். பனமலைக்கு அழைத்துப் போங்கள். அந்தச் சுவரைத் தொடாமல், கிறுக்காமல், தள்ளி நின்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள். திறமையுள்ள பிள்ளைக்கு, சென்னையில் 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் என்று ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள் என்பதையும் சொல்லுங்கள். அது இதே கரையின் தொடர்ச்சிதான். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

பெற்றோர்களுக்கும் ஒன்று. பிள்ளை ஒரு பூவின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால், சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று எழுப்பிவிடாதீர்கள். அந்த அரைமணி நேரம் வீண் அல்ல. அதுதான் வேலை.

கடைசியாக ஒரு செய்தி. ஆற்றுப்படை என்ற பாட்டு வகை எதற்காகப் பிறந்தது? பரிசு பெற்று வந்த கலைஞன், எதிரே வரும் ஏழைக் கலைஞனிடம், நான் போன வழி இது, நீயும் போ, உனக்கும் கிடைக்கும் என்று சொல்வதற்காக. தனக்குக் கிடைத்ததைத் தனக்குள் பூட்டி வைக்காத பண்பு அது. ஓவியம் வரைகிற ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய காரியமும் அதுதான். நான் பார்த்தேன், இதோ வழி, நீயும் போய்ப் பார் என்று காட்டுகிற கடமை நமக்கு உண்டு.

ஆகவே, இந்த ஊர்ப் பெரியோர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. அடுத்த பொங்கலுக்குள் இந்தத் திண்டிவனத்தில் ஒரு கண்காட்சி வைப்போம். ஓய்மாநாட்டுப் பூக்களும் கரையும் மட்டும்தான் பொருள். வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் கலந்துகொள்ளட்டும். கிடைக்கிற ஒரு பொது அரங்கம் போதும்; கயிறு கட்டித் தாளை மாட்டினால் போதும். ஒவ்வொரு படத்தின் அடியிலும் செடியின் பெயர், ஊரின் பெயர், பார்த்த நாள், இவற்றோடு வரைந்த பிள்ளையின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பனமலையில் கோடு இழுத்தவனின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ரங்கய்யா, கோவிந்துவின் பெயர்கள் கடல் கடந்து போய்த்தான் நமக்குத் திரும்பி வந்தன. இனி இந்த மண்ணில் பார்த்துத் தீட்டுகிற ஒரு கையும் பெயரில்லாமல் போகக் கூடாது. அதற்கு நாம் பொறுப்பேற்போம். இந்த மேடையிலிருந்து இறங்குவதற்கு முன்பே அதற்கான நாளைக் குறிப்போம், வாருங்கள்!